போடி லைனில் மூடிய சின்ன நிலையங்களைத் திறக்க வைப்பது எப்படி?

மேற்குச்சீமை:

எல்லோருக்கும் வணக்கம். மதுரை–போடி லைன் பக்கத்து ஊர்க்காரர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

1928-இல் போட்ட லைன் இது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். சுதந்திரத்துக்கு அப்புறம் திரும்பப் போட்டார்கள். மீட்டர்கேஜ் வண்டி 2010 கடைசி வரை ஓடியது. அகலப்பாதை வேலை என்று மூடியவர்கள் தேனி வரைக்கும் வண்டி விட்டது 2022 மே 26-இல்தான். போடிக்கு 2023 ஜூன் 15. அத்தனை வருஷம் காத்திருந்தோமே, வண்டி வந்ததில் யாருக்கும் வருத்தம் இல்லை. ஆனால் மதுரையை விட்டால் வடபழஞ்சி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, போடி என்று முடிந்துவிட்டது. நடுவில் மீட்டர்கேஜ் வண்டி நின்று போன சின்ன ஊர்கள் பல இன்று வெறுமனே தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கின்றன.

எங்கள் ஊர் வடபழஞ்சிக்கும் உசிலம்பட்டிக்கும் நடுவில். பழைய நிலையம் இருந்த டேசன் மேட்டில் இப்போது மிச்சம் இருப்பது ஒரு வேம்பும், கல் வைத்துக் கட்டிய பிளாட்பார விளிம்பில் ஒரு பத்தடியும்தான். அந்தக் கல்லில் உட்கார்ந்துதான் ஊர்ப் பெரியவர்கள் சாயங்காலம் பேசுகிறார்கள். வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போகிறது.

கையெழுத்து இயக்கம் தொடங்கலாம் என்று நான்கைந்து ஊர் ஆட்கள் பேசி வைத்திருக்கிறோம். யாரிடம் கொடுக்க வேண்டும், எப்படிக் கேட்டால் நடக்கும்? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

உசிலை_மல்லி:

நல்ல காரியம் தம்பி. என் கையெழுத்தை முதலில் போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் அப்பத்தா கீரைக்கட்டும் மொச்சைக்காயும் கூடையில் வைத்து அந்த வண்டியில்தான் மதுரைக்குப் போகும். கூடையை ஏற்றிவிடுவதற்குக் கார்டு ஐயா ஒரு நிமிஷம் கூடுதலாகக் கொடியைத் தாழ்த்தி வைத்திருப்பார் என்று இன்றைக்கும் சொல்லும்.

பழைய_கார்டு:

மேலே சொன்ன அந்தக் கொடி என் கையிலும் இருந்திருக்கிறது அம்மா. மீட்டர்கேஜ் காலத்தில் இந்த லைனில் வேலை பார்த்தவன். (இப்போது கார்டு என்ற பதவிப்பெயர் இல்லை. 2022-இல் இருந்து ட்ரெயின் மேனேஜர்.)

தம்பி மேற்குச்சீமைக்கு ஒன்று சொல்கிறேன். கையெழுத்து வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் "எங்கள் ஊர் ரயில் நிலையத்தைத் திறக்க வேண்டும்" என்று மனு எழுதாதீர்கள். நிலையம் என்று எழுதினால் அலுவலகத்தில் அதைப் படிக்கிறவருக்குக் கட்டடம், ஸ்டேஷன் மாஸ்டர், மூன்று ஷிப்டுக்கு ஆள், சிக்னல், குவார்ட்டர்ஸ் எல்லாம் கண் முன்னால் வரும். அத்தனைக்கும் பணம் எங்கே என்று கோப்பை மூடி வைத்துவிடுவார்.

உங்களுக்கு வேண்டியது ஹால்ட். ஹால்ட்டில் ரயில்வே ஊழியர் ஒருத்தர்கூட இருக்கத் தேவையில்லை. சிக்னல் கிடையாது. உள்ளூரிலேயே ஒருவரை ஏஜென்டாகப் போடுவார்கள். அவர் பக்கத்துப் பெரிய நிலையத்தில் இருந்து டிக்கெட் வாங்கி வந்து விற்று, கமிஷன் எடுத்துக்கொள்வார். ஒரு பிளாட்பாரம், ஒரு நிழற்கூரை, விளக்கு, தண்ணீர்க் குழாய், பெயர்ப்பலகை. அவ்வளவுதான் அதன் சொத்து. 2017-இல் இருந்து நிலையங்களைத் தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஹால்ட்டுகளில் கடைசித் தரம் எச்ஜி-3. வருஷ வருமானம் 5 லட்சத்துக்குள், பயணிகள் 1 லட்சத்துக்குள் இருக்கிற ஹால்ட் எல்லாம் அதில் வரும். குறைந்தபட்ச டிக்கெட் 10 ரூபாய் என்று வைத்து, ஒரு நாளைக்கு 100 பேர் ஏறினால் வருஷத்துக்கு 3,65,000 ரூபாய். உங்கள் ஊரும் சுற்றி இருக்கிற நாலு ஊரும் சேர்ந்தால் 100 பேர் தேற மாட்டார்களா?

இதைவிட முக்கியமான விஷயம், எந்த வண்டி எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்று கேட்கிறீர்கள் என்பது. அதை எழுதாத மனு மனுவே இல்லை. இப்போதைய பாசஞ்சரில் நிறுத்தம் கேட்டால் விஷயம் கோட்ட அளவிலும் தெற்கு ரயில்வே அளவிலும் பேசக்கூடியது. எக்ஸ்பிரஸ் வண்டியில் கேட்டால் கோப்பு டெல்லி ரயில்வே வாரியத்துக்குப் போகும். எக்ஸ்பிரஸ் ஆசை இப்போது வேண்டாம்.

நாலுவழிச்சாலை:

எல்லோரும் ஆசையாகப் பேசுகிறீர்கள், நடுவில் குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 2021-இல் இருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமே கிடையாது. மதுரை–உசிலம்பட்டி ரோட்டில் வண்டிக்குப் பஞ்சமும் இல்லை. பஸ் ஊருக்குள் வருகிறது, ரயில் டேசன் மேட்டில் நிற்கும். 10 ரூபாய் கொடுத்து, ஒரு மைல் நடந்து, யார் ரயில் ஏறப் போகிறார்கள்? திறந்த பிறகு ஆள் இல்லை என்று ஒரு வருஷத்தில் மூடினால், அடுத்த முப்பது வருஷத்துக்கு யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அந்தப் பயம்தான் எனக்கு.

மாசிவீதி_ஊழியை:

நான் ஏறுவேன் அண்ணே.

மாசி வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. காலையில் செக்கானூரணி தாண்டி வருகிற பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. இலவச டவுன் பஸ்ஸுக்காக நின்றால் கடைக்கு நேரத்துக்குப் போக முடியாது. நேரத்துக்குப் போகிற பஸ்ஸுக்குக் காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும். சாயங்காலம் அரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் தேனி பஸ்ஸில் ஏறப் போனால், "உசிலம்பட்டிக்கு உள்ளே இறங்குகிறவர்கள் எல்லாம் கீழே நில்லுங்கள்" என்று சொல்கிற நடத்துனர்கள் உண்டு. தூரத்துப் பயணிகள் உட்கார்ந்த பிறகுதான் நாங்கள். கையில் பிள்ளையோடு நிற்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன், பெரியாஸ்பத்திரியில் கட்டுப்போட்டுக்கொண்டு வருகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் பஸ்ஸைப் பற்றி நீங்கள் கேட்டதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. பெரியவர் நேரத்தைச் சொன்னாரே, அதுதான். இந்த பாசஞ்சர் காலையில் மதுரையில் இருந்து கிளம்பி மேற்கே போகிறது. சாயங்காலம் போடியில் இருந்து கிளம்பி மதுரைக்கு வருகிறது. வாரத்தில் மூன்று நாள் ஓடுகிற சென்னை வண்டியும் அதே மாதிரி காலையில் மேற்கே, ராத்திரி கிழக்கே. நாங்கள் காலையில் மதுரைக்குப் போய்விட்டு ராத்திரி ஊர் திரும்புகிறவர்கள். ரயில் எங்களுக்கு நேர் எதிர்த்திசையில் போய் வருகிறது. இதே வண்டியை எங்கள் ஊரில் நிறுத்திக் கொடுத்தாலும் நான் எப்படி ஏறுவது?

பழைய_கார்டு:

இந்த இழையிலேயே முக்கியமான பதிவு இந்தப் பொண்ணு எழுதியதுதான். எல்லோரும் இன்னொரு தடவை படியுங்கள்.

அது ஏன் அப்படி ஓடுகிறது என்று சொல்கிறேன். பெட்டிகளைக் கழுவவும், பிரேக் பார்க்கவும், பராமரிக்கவும் வசதி இருப்பது மதுரையில். அதனால் வண்டி ராத்திரி மதுரையில் தூங்கும். தூங்கி எழுந்த இடத்தில் இருந்துதான் காலையில் கிளம்ப முடியும். ஆகவே காலை வண்டி மேற்கே போகிறது. யாரும் வேண்டும் என்று செய்ததில்லை, ஆனால் விளைவு என்னவோ அதுதான்.

இதை மாற்ற இரண்டு வழி உண்டு. ஒன்று, வண்டியை ராத்திரி போடியில் நிறுத்தி வைப்பது. அப்படியானால் டிரைவருக்கும் கார்டுக்கும் அங்கே ஓய்வு அறை, ராத்திரி பெட்டிகளுக்குக் காவல் எல்லாம் வேண்டும். இரண்டாவது, விடிவதற்கு முன்பே மதுரையில் இருந்து ஒரு ட்ரிப் மேற்கே விட்டு, அது திரும்பி வரும்போது உசிலம்பட்டியைக் காலை எட்டு மணி வாக்கில் தாண்டுகிற மாதிரி செய்வது. சாயங்காலம் ஆறரை, ஏழு மணிக்கு மேல் மதுரையில் இருந்து இன்னொரு ட்ரிப். ஒற்றைத் தண்டவாளம்தான், ஆனால் அதில் ஓடுகிற வண்டிகளைக் கையில் எண்ணிவிடலாம். எதிர்வண்டிக்கு இடம் விடவேண்டிய தொல்லை பெரிதாக இல்லை. எனக்கு இரண்டாவது வழிதான் நடக்கக்கூடியதாகத் தெரிகிறது. அதற்கு ஒரு ரேக்கும் (வண்டிக்கு வேண்டிய பெட்டித் தொகுப்பு) ஆட்களும் ஒதுக்கச் சொல்லி அவர்களை ஒத்துக்கொள்ள வைக்க வேண்டும். அதுதான் உங்கள் போராட்டம்.

நிறுத்தமும் நேரமும் சேர்ந்து கிடைக்காவிட்டால், நாலுவழிச்சாலை சொன்ன பயம் அப்படியே நடக்கும். வண்டி தவறான நேரத்தில் நிற்கும், ஆள் ஏறமாட்டார்கள், ஆள் ஏறவில்லை என்று எழுதி மூடிவிடுவார்கள். பல சின்ன நிலையங்கள் இப்படித்தான் செத்தன.

கள்ளிக்குடி_வாத்தியார்:

ஐயா சொல்வது முழு உண்மை. நான் விருதுநகர் லைன்காரன். எங்கள் பக்கம் திருப்பரங்குன்றம், திருமங்கலம், சிவரக்கோட்டை, கள்ளிக்குடி என்று வரிசையாக நிலையங்கள் உண்டு. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாசஞ்சர்களை நிறுத்தினார்கள். திரும்ப ஓடத் தொடங்கியபோது பல பாசஞ்சர்கள் எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல் என்ற பெயரில் ஓடின, 10 ரூபாய் டிக்கெட் 30 ரூபாய் ஆனது. 2024 பிப்ரவரியில்தான் பழைய கட்டணம் வந்தது. கூலி வேலைக்குப் போகிறவர் போக வர 60 ரூபாய் கொடுத்து எத்தனை நாள் ஏறுவார்? அந்த இடைவெளியில் பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் பழகிப் போனவர்களைத் திரும்ப ரயிலுக்குக் கொண்டு வருவது லேசில்லை.

உங்களுக்கு ஒரு யோசனை. மாணவர்களை விட்டுவிடாதீர்கள். உங்கள் லைனில் கருமாத்தூர் அருள் ஆனந்தர் கல்லூரி இருக்கிறது, பல்கலை நகரில் காமராசர் பல்கலைக்கழகம் இருக்கிறது, வடபழஞ்சியில் எல்காட் ஐடி பூங்கா இருக்கிறது. பெண் பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு முடிகிற வரைக்கும், பையன்களுக்குப் பிளஸ் டூ வரைக்கும், வீட்டுக்கும் படிக்கிற இடத்துக்கும் இரண்டாம் வகுப்பு மாத சீசன் டிக்கெட் ரயிலில் இலவசம். இது பல பெற்றோருக்குத் தெரியவே தெரியாது. என் வகுப்பில் நான் சொன்ன பிறகுதான் சில வீடுகளில் விண்ணப்பமே போட்டார்கள்.

கவணம்பட்டி_ராசா:

மன்னிக்கணும், இவ்வளவு கணக்கு எல்லாம் எதுக்கு? உசிலம்பட்டியில் நாலு மணி நேரம் தண்டவாளத்தில் உட்கார்ந்தால் தானாகக் கேட்பார்கள். வைகைத் தண்ணீரை இந்தப் பக்கம் கொண்டுவருகிற 58 கிராமக் கால்வாய்க்கு மனு கொடுத்தே எத்தனை வருஷம் போனது என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டுமா?

பழைய_கார்டு:

ராசா, உன் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் 1989 ரயில்வே சட்டத்தில் 174-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வண்டியை மறித்தால் 2 வருஷம் வரைக்கும் ஜெயில், அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதம் சின்னதுதான், வழக்கு சின்னதில்லை. போலீஸ் வேலைக்கும் ராணுவத்துக்கும் உடம்பைத் தேற்றிக்கொண்டு ஓடுகிற பையன்கள் நம் ஊர்களில் எத்தனை பேர்? அவர்கள்தான் முன்னால் உட்காருவார்கள், அவர்கள் பெயர்தான் எழுதப்படும். கால்வாய்க்கும் கடைசியில் தண்ணீர் விட வைத்தது, விடாமல் வருஷக்கணக்காகப் போய் நின்றவர்கள்தான்.

கவனம் கிடைக்க வேண்டும் என்றால், நான்கைந்து ஊர்க் கிராமசபையில் தீர்மானம் போடுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லாம் கூட்டம் நடக்கிற நாட்கள். ஊராட்சித் தீர்மானம் ஒரு காகிதம்தான், ஆனால் எம்.பி. அதைக் கையில் வைத்துக்கொண்டு கோட்ட மேலாளரிடம் பேச முடியும். மதுரைக் கோட்டத்தில் பயணிகள் ஆலோசனைக் குழு ஒன்று உண்டு, அதன் உறுப்பினர்கள் யார் என்று பார்த்து அவர்கள் வழியாகவும் அஜெண்டாவில் ஏற்ற வேண்டும். கூட்டத்தில் எழுப்பிய கேள்விக்குப் பதிலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்த எழுத்துப் பதில் நமக்கு வேண்டும், "முடியாது" என்று வந்தாலும் சரி. ஏன் முடியாது என்று அதில் எழுதியிருப்பார்கள், அடுத்த மனுவை அந்தக் காரணத்துக்கு எதிராக எழுதலாம்.

ரயில்_கிறுக்கன்:

வடக்கே ரெண்டு உதாரணம் இருக்கிறது. மேற்கு வங்கம் புருலியா மாவட்டத்தில் பேகுன்கோடர் என்ற நிலையம் பேய் வதந்தியால் 1967-இல் மூடப்பட்டு, ஊர்க்காரர்கள் விடாமல் கேட்டு 2009-இல் திறந்தது. பிரயாக்ராஜ் பக்கம் தயாள்பூர் 2006-இல் வருமானம் இல்லை என்று மூடப்பட்டது. 2020-இல் ஹால்ட்டாகத் திரும்பத் திறந்தார்கள். அங்கே ஊர்க்காரர்கள் பணம் போட்டு, பயணமே செய்யாமல் தினமும் டிக்கெட் வாங்கி, நிலையத்தைக் காப்பாற்றுகிறார்கள். நாமும் வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் என்று போட்டு வாங்கினால் என்ன?

நாலுவழிச்சாலை:

தயாள்பூர் ஊர்க்காரர்களைக் கும்பிட வேண்டும். ஆனால் நமக்கு அது சரிவராது என்று நினைக்கிறேன். ஆள் ஏறாத வண்டிக்கு டிக்கெட் வாங்கினால், அந்த நேரம் சரியாகத்தான் இருக்கிறது என்று நாமே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடும். மாசிவீதி சகோதரியின் பிரச்சினை அப்படியே இருக்கும். அந்த 50 ரூபாயை வாங்கி, டேசன் மேட்டுக்குப் போகிற பாதையில் சோலார் விளக்கு போடலாம். நான் அதற்குத் தருகிறேன்.

மாசிவீதி_ஊழியை:

விளக்கு பற்றிச் சொன்னதற்கு நன்றி அண்ணே. ராத்திரி எட்டு மணிக்கு மேல் மேட்டில் இறங்கித் தனியாக நடந்து வரவேண்டும் என்றால், என் வீட்டில் ரயில் வேண்டாம், பஸ்ஸிலேயே வா என்றுதான் சொல்வார்கள். விளக்கு இருக்க வேண்டும், பாதையில் முள் வெட்டியிருக்க வேண்டும். லெவல் கிராசிங்கை எடுத்துவிட்டுச் சுரங்கப்பாதை கட்டிய ஊர்களில் மழை பெய்தால் இடுப்பளவு தண்ணீர் நிற்கிறது. பிளாட்பாரம் எந்தப் பக்கம் என்பதைக்கூட அதைப் பார்த்துத்தான் கேட்க வேண்டும். சுரங்கப்பாதைக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டால் மழைக்காலத்தில் யாரும் போக முடியாது.

பழைய_கார்டு:

பிளாட்பாரம் என்றதும் இன்னொன்று. ஹால்ட் என்றால் தரைமட்டப் பிளாட்பாரம்தான் போடுவோம் என்று சொல்லக்கூடும். மீட்டர்கேஜ் பெட்டியில் அது சமாளிக்கக்கூடியதாக இருந்தது. அகலப்பாதைப் பெட்டியின் கடைசிப் படி தரையில் இருந்து எவ்வளவு உயரம் என்று, பாதி வழியில் இறங்கிய யாரையாவது கேளுங்கள். முழங்கால் வலிக்கிற ஆத்தாவால் ஏறவே முடியாது. இரண்டு பேர் மேலே இழுக்க, ஒருவர் கீழே தாங்க, ஒரு நிமிஷ நிறுத்தம் மூன்று நிமிஷம் ஆகும். அப்புறம் அந்தத் தாமதத்தையே காரணமாகக் காட்டுவார்கள். நான்கைந்து பெட்டி நீளத்துக்காவது உயரமான பிளாட்பாரம் கேளுங்கள். சின்ன நீளமாக இருக்கட்டும், உயரமாக இருக்கட்டும்.

ஆண்டிபட்டிக் கணவாய் பக்கத்து ஊர்க்காரர்கள் யாராவது படித்தால் அவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அகலப்பாதையில் நிலையம் அமைக்கிற இடத்தில் சரிவு 400-க்கு 1 (400 அடி தூரத்துக்கு 1 அடி ஏற்றம்) என்பதைத் தாண்டக் கூடாது என்பது விதி. கணவாய் ஏற்றத்தில் எல்லா இடத்திலும் அது கிடைக்காது. பழைய இடமே வேண்டும் என்று அடம் பிடிக்காமல், கொஞ்சம் தள்ளிச் சமமான இடம் இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.

உசிலை_மல்லி:

கார்டு ஐயா, ஒரு சந்தேகம். எங்கள் சித்தி ஊரில் நிறுத்தம் இல்லாததால் உசிலம்பட்டி வந்து ஏறுகிறார்கள். இப்படி வந்து ஏறுகிறவர்களைக் கணக்கில் காட்ட முடியாதா?

பழைய_கார்டு:

நல்ல கேள்வி. அந்த டிக்கெட் எல்லாம் உசிலம்பட்டிக் கணக்கில் ஏறும். உங்கள் சித்தி ஊர்க் கணக்கில் சுழியம்தான் இருக்கும். ரயில்வேயிடம் இருக்கிற புள்ளிவிவரம் உங்களுக்கு உதவாது என்று அதனால்தான் சொல்கிறேன். உங்கள் ஊர்க் கணக்கை நீங்கள்தான் எடுத்தாக வேண்டும்.

நிறுத்தம் கிடைத்த பிறகும் இதை மறக்காதீர்கள். மதுரையில் போக வர சேர்த்து டிக்கெட் வாங்கினால் அது மதுரைக் கணக்கு. உங்கள் ஹால்ட்டில் வாங்கியது மட்டும்தான் உங்கள் கணக்கு. போனில் ரயில்வே ஆப் வழியாக எடுத்தாலும் புறப்படும் இடமாக உங்கள் ஊர் இருக்க வேண்டும். புதிய நிறுத்தம் பெரும்பாலும் 6 மாதச் சோதனை என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். அந்த 6 மாதமும் ஒரு டிக்கெட்கூட வேறு நிலையத்துக் கணக்கில் போகக் கூடாது. டிக்கெட் இல்லாமல் ஏறுகிற பழக்கம் இருக்கிறவர்களை ஊர்க்காரர்களே இறக்கிவிட வேண்டும். ஊர் மானம் அதில் இருக்கிறது.

மேற்குச்சீமை:

எல்லோருக்கும் நன்றி. நாலு ஊர் ஆட்களிடமும் பேசிவிட்டேன். வெறும் கையெழுத்துத் தாளுக்குப் பதில் வீட்டுக்கு ஒரு படிவம் கொண்டு போகிறோம். வீட்டில் மதுரைக்கு அல்லது தேனிக்குப் போகிறவர் எத்தனை பேர், எதற்காக, காலையில் எத்தனை மணிக்குள் போய்ச் சேர வேண்டும், இப்போது எதில் போகிறார், மாதம் எவ்வளவு செலவாகிறது என்று கேட்கப் போகிறோம். பேர் வேண்டாம், தெரு போதும். பேர் கேட்டால் சிலர் தயங்குவார்கள். கல்லூரிப் பிள்ளைகள் நான்கு பேர் எண்ணித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், ராசாவும் அதில் சேர்ந்திருக்கிறான்.

மனுவில் இரண்டு கோரிக்கை மட்டும்: ஹால்ட் நிறுத்தம், காலையில் மதுரைக்குப் போய் இரவில் திரும்புகிற ஒரு ஜோடி வண்டி. வேறு எதையும் சேர்க்கப் போவதில்லை. டேசன் மேட்டில் பழைய கட்டடம் வேண்டும் என்று பெரியவர்கள் சிலர் கேட்டார்கள். பிறகு பார்க்கலாம் ஐயா என்று சொல்லியிருக்கிறோம்.

அக்டோபர் 2 கிராமசபையில் தீர்மானம் வைக்கிறோம். அதற்குள் எண்ணிக்கை கையில் இருக்க வேண்டும். வேறு ஊர்க்காரர்களுக்குப் படிவம் வேண்டும் என்றால் தனிச்செய்தி அனுப்புங்கள்.

மாசிவீதி_ஊழியை:

காலை நேரம் கேட்கிறீர்கள், இரவு நேரத்தைக் கேட்க விட்டுவிடாதீர்கள். எங்கள் கடையில் விடுவது எட்டரை. ஏழு மணி வண்டி எனக்குக் கிடைக்காது. கடைகளில் வேலை பார்க்கிற பெண்கள் எல்லோருக்கும் இதே நேரம்தான். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் நேரம் வேறு.

மேற்குச்சீமை:

"திரும்பக் கிளம்பும் நேரம்" என்று ஒரு கட்டம் சேர்த்துவிட்டேன் அக்கா. எட்டரை என்று எத்தனை பேர் எழுதுகிறார்கள் என்று தனியாகவே எண்ணச் சொல்கிறேன். அந்த எண்ணிக்கை பெரிதாக வந்தால் மனுவில் ஏழு மணியை மாற்றி ஒன்பது மணி என்று போடுவோம். ஐயா, ஒன்பது மணிக்கு மதுரையில் இருந்து கிளம்பினால் வண்டி திரும்பி வந்து தூங்க நேரம் இருக்குமா?

பழைய_கார்டு:

உசிலம்பட்டியோடு திருப்பினால் இருக்கும். போடி வரை போய்த் திரும்பினால் விடிகாலை ட்ரிப்புக்குப் பெட்டியைத் தயார்ப்படுத்த முடியாது. மனுவில் "மதுரை–உசிலம்பட்டி" என்று எழுதுங்கள்.